ஒரு ராத்திரி தங்க யார்கிட்ட கேக்கணும்?

மூணு பொண்ணுங்க, ரெண்டு பையன்க, சிநேகிதியோட மாமா, மாமி, அவங்களோட டிமோ பட்டா லொறி. போன ஆகஸ்ட் லீவுல இரத்தினபுரியில இருந்து பொத்துவில் வரைக்கும் போய் வரலாம்னு கிளம்பினோம். மாமி வந்ததாலதான் எங்க வீடுகள்ல விட்டாங்க, அதையும் சொல்லிடுறேன். ஏ4 வீதி எங்க ஊர் வழியாத்தான் போகுது: பெல்மதுளை, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில். சின்ன வயசுல இருந்து அந்த ரோட்டுல டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கோம். அதே ரோடு கடலைத் தொடுறதை யாரும் பார்த்ததில்ல.

வெளிநாட்டு வீடியோக்கள்ல காருக்குப் பின்னால இழுத்துட்டுப் போற கேம்பர் ட்ரெய்லர்னு ஒன்னு காட்டுவாங்களே, உள்ளேயே கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வச்சு? எங்க பட்டா அதுக்கு ஏழைத் தங்கச்சி. பின்னால கம்பி வளைச்சுத் தார்ப்பாய். ஒரு நுரை மெத்தை, நாலு பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணிக் கேன், அரிசி, தேங்காய், கருவாடு. மாமா வழக்கமா இதுல மரக்கறி ஏத்துவார். கதிர்காமக் கொடியேத்தத்துக்குத் தோட்டத்து ஆளுங்களையும் ஏத்துவார். புதுசா எதுவும் நாங்க செய்யல.

மொனராகலை தாண்டினதும் இருட்டிருச்சு. ராத்திரி ஓட்ட வேணாம்னு மாமா ஒரு குளக்கட்டுக்குப் பக்கத்துல சமதரையா பார்த்து நிறுத்தினார். அடுப்பு மூட்டி அரிசி களைஞ்சு போட்டாச்சு. ஒரு சீருடைக்காரர் மோட்டார் சைக்கிள்ல வந்தார். "மெஹே நவதின்ன பே." இங்க தங்க ஏலாது. சரி சேர், எங்க தங்கலாம்னு மாமா கேட்டார். அதுக்குப் பதில் இல்ல. ஐடென்டிட்டி கார்டைக் கேட்டார். விலாசத்தை டோர்ச் அடிச்சு வாசிச்சார். அதுல தோட்டத்தோட பேர் இருக்கும், பிரிவு இருக்கும். "வத்தேத?" தோட்டத்துலயா? அதுவரைக்கும் 'நங்கி'யா இருந்த நான் அதுக்கப்புறம் ஒன்னுமே இல்லாமப் போனேன். யானை வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே அடுப்பைத் தூக்கிட்டு ஓடியிருப்போம். அவர் அதைச் சொல்லல. போகச் சொன்னார். பாதி வெந்த சோத்தோட போனோம். ஒரு பெற்றோல் ஷெட் வாசல்ல வண்டிக்குள்ளேயே குந்தியிருந்து விடிய வச்சோம். ஷெட் டொய்லட் பூட்டியிருந்துச்சு. எங்கள்ல ஒருத்திக்கு அன்னைக்குப் பீரியட்ஸ். இதை எழுதலாமான்னு அவகிட்டக் கேட்டேன், கட்டாயம் எழுதுன்னா.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில ஒரு வெள்ளைக்கார ஜோடியைக் கண்டோம். வாடகை த்ரீவீலர், மேல மடிக்கிற கூடாரம். ராத்திரி எங்க தங்கினீங்கன்னு கேட்டா, ஏதோ ஒரு குளக்கரை, அருமையான நட்சத்திரம்னாங்க. ஒருவேளை அந்தப் பக்கம் சீருடைக்காரர் யாரும் வந்திருக்க மாட்டார். நியாயமாப் பேசணும்னா அதையும் சொல்லணும்.

எங்களைத் துரத்தின ஆளைப் பத்தி இல்ல இந்தக் கட்டுரை. அவர் பதில் சொல்லாம விட்டாரே, அந்தக் கேள்வியைப் பத்தி. இந்த நாட்டுல அரச காணியில, சாதாரண ஆள் ஒரு ராத்திரி எங்க சட்டப்படி தங்கலாம்?

திரும்பி வந்ததும் தேடிப் பார்த்தோம். முதல்ல எங்க மாவட்டத்துலயே இருக்கிற உடவளவை. வளவை கங்கையில அணை கட்டினப்போ இடம் இழந்த மிருகங்களுக்காக 1972இல உண்டாக்கின தேசிய பூங்கா. பாதி இரத்தினபுரி, மீதி மொனராகலை. உள்ள கூடாரம் அடிக்கிற இடங்கள் இருக்கு, வனஜீவராசிகள் திணைக்களத்தோடது. நேரத்தோட பதிஞ்சு, இடத்துக்கு ஒரு காசு, ஆளுக்கு நுழைவுச் சீட்டு, வண்டிக்கு ஒன்னு, கூட வர்ற வழிகாட்டிக்கு ஒன்னுன்னு கட்டினா உள்ள போகலாம். கட்டுப்பாடு வேணாம்னு நான் சொல்லல. யானைக் காட்டுக்குள்ள கண்டபடி பாய் விரிக்க முடியாது. 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குத்தான் இருக்கு, இருக்கவும் வேணும். ஆனா அது காட்டுக்குள்ள போய் மிருகம் பார்க்கிறவங்களுக்கான இடம். ரோட்டுல போற குடும்பம் பொழுது சாய்ஞ்சா வண்டியை ஓரங்கட்டித் தூங்குற இடம் இல்ல. ஹோட்டன் சமவெளியும் அப்படித்தான். வன பரிபாலனத் திணைக்களத்துக் காடுகளுக்கும் முன்அனுமதி வேணும்.

அடுத்தது சர்க்யூட் பங்களா. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சத்தம் கூடும், பொறுத்துக்கங்க. இந்த நாட்டுல ஆறு வளையுற இடம், மலை விளிம்பு, குளத்தங்கரைன்னு எங்கெல்லாம் பார்வை நல்லாயிருக்கோ அங்கெல்லாம் ஏதோ ஒரு திணைக்களத்துக்கு ஒரு பங்களா இருக்கு. வெள்ளைக்கார அதிகாரி சுத்துப்பயணம் போகும்போது தங்குறதுக்காக வந்த ஏற்பாடு. குதிரை போச்சு, அதிகாரி போயிட்டார், பங்களா மட்டும் அப்படியே இருக்கு. இன்னைக்கு அது உத்தியோகத்தர்களோட விடுமுறை வீடு. சிலதுல பொதுமக்களும் பதியலாம்தான். ஆனா முன்னுரிமை யாருக்கு, குறைஞ்ச கட்டணம் யாருக்கு, எந்தக் கந்தோர்ல யாரைக் கேக்கணும்ங்கிற தகவல் யார் கையில? எங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிற ஒருத்தராவது சர்க்யூட் பங்களாவுல ஒரு ராத்திரி தூங்கியிருக்காங்களான்னு கேட்டுப் பார்த்தேன். ஒரு அக்கா மட்டும் ஆமான்னாங்க. சமைக்கப் போயிருந்தாங்களாம்.

மூணாவது, காசுக்குக் கூடாரம். பெலிஹுல்ஓயாப் பக்கம் போனா ஆத்தோரமா வரிசையா இருக்கு. நல்லதும் இருக்கு, மோசமும் இருக்கு. தொழில் செய்யுறவங்களை நான் குறை சொல்லல. ஆனா தனியார் இடத்தைப் பொது இடம்னு யாரும் சொல்லக்கூடாது.

இப்ப தோட்டத்துக்கு வர்றேன். எனக்கு அதிகமாக் கோபம் வர்றது இங்கதான்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்னு ஒன்னு. யாருக்குச் சொந்தம்னு உறுதி காட்ட முடியாத காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம்னு அது சொல்லிச்சு. சிங்களக் கிராமத்து ஆளுங்க மாடு மேய்ச்ச, விறகு பொறுக்கின, சேனை வெட்டின மேட்டு நிலம் அப்படித்தான் கைமாறி, கோப்பியாகி, அப்புறம் தேயிலையும் இறப்பருமாச்சு. அந்த நிலத்துல வேலை செய்யத்தான் எங்க முப்பாட்டன்மாரைக் கொண்டு வந்தாங்க. கிராமத்தானுக்குப் பொது நிலம் போச்சு, எங்களுக்கு எந்த நிலமும் வரல. இரத்தினபுரியில நாங்களும் கிராமத்து ஆளுங்களும் பக்கத்துல பக்கத்துல வாழுறோம். ஒரே சட்டம் ரெண்டு பேரையும் வெளியில நிக்க வச்சதைப் பத்தி மட்டும் பேசிக்கிறதே இல்ல.

1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தம் வந்துச்சு, தோட்டங்கள் அரசுக்கு வந்துச்சு. 1992இல நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போச்சு, பிறகு அது 53 வருஷக் குத்தகையாச்சு. குத்தகை. விற்பனை இல்ல. அதாவது இன்னைக்கும் அந்த மலை அரச காணி. உங்களோட காணி, என்னோட காணி, ரெண்டு பேர் வரியும் சேர்ந்த காணி.

எங்க பாட்டி சொல்லுவாங்க: அந்தக் காலத்துல லயத்துக்கு சொந்தக்காரங்க வந்து ராத் தங்கினா கணக்கப்பிள்ளைக்குச் சொல்லணும். சொல்லாம விட்டா மறுநாள் பெரட்டுல பேச்சு வாங்கணும். தன்னோட தங்கச்சி வந்து தன்னோட காம்பிராவுல ஒரு ராத்திரி படுக்கிறதுக்கு! அந்நியர் வரக்கூடாதுங்கிற இந்தக் காவலாலதான் கோ. நடேசய்யர் துணி வியாபாரி மாதிரி வேஷம் போட்டுத் தோட்டத்துக்குள்ள போய் ஆளுங்க நிலைமையைப் பார்த்தார். தொழிற்சங்க வரலாறு படிக்கிறவங்க இதை ஒரு வீரக்கதையா வாசிச்சிட்டுப் போறோம். கொஞ்சம் நின்னு பாருங்க. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனோட வீட்டுக்குப் போக வேஷம் போட வேண்டியிருந்துச்சு.

அதே மலைகள்ல இன்னைக்கு ராத்திரி விற்பனைக்கு இருக்கு. துரை பங்களா சில இடத்துல ஹோட்டல். சில இடத்துல தேயிலைக்கு நடுவுல கூடாரம், கீழ லயத்து வெளிச்சம் தெரியுற மாதிரி. "மின்மினி மாதிரி அழகா இருக்கும்"னு அப்படியொரு படத்துக்குக் கீழ எழுதியிருந்தாங்க. அந்த மின்மினிக்குள்ள ஒரு புள்ள ஓ.எல். பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கும். தோட்டத்துல விருந்தாளி வரக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. வரட்டும், நிறைய வரட்டும். ஆனா லயத்துல இருக்கிறவ தன் முத்தத்துல ஒரு கூடாரம் போட்டு ஒரு விருந்தாளியை வச்சுக் காசு பார்க்க முடியுமா? முடியாது. முத்தம் அவளோடது இல்ல. தலைமுறை தலைமுறையா இருந்தும் இல்ல. 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ்னு பேசிட்டு இருக்கும்போதே காணியோட பார்வை, காத்து, நிலா எல்லாம் வேற யாரோ விலை போட்டாச்சு.

இந்த இடத்துல எங்க ஆளுங்க ஒருத்தர் கட்டாயம் எழும்புவார். எழும்பினார் கூட. பல்கலைக்கழகத்துல சீனியர் ஒருத்தர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன், நல்ல மனுஷன். "வீடே இல்லாதவனுக்குக் கூடாரம் எதுக்கு தங்கச்சி? காணி உரிமை கேட்கிற சமூகம் கேம்பிங் இடம் கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

அண்ணா, சிரிக்கட்டும். உங்க வாதத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கேம்பிங் பணக்காரங்க பொழுதுபோக்குன்னு நீங்களும் நம்பிட்டீங்க. உங்க அம்மா கதிர்காமத்துக்கு எப்படிப் போனாங்கன்னு கேட்டுப் பாருங்க. வாடகை லொறி, பெரிய கிடாரம், ஆத்தங்கரையில மூணு கல்லு, மரத்தடியில பாய். முன்னேஸ்வரத்துக்கு எப்படிப் போனாங்க? அதே லொறி. இந்த நாட்டுல தலைமுறை தலைமுறையா கூடாரம் இல்லாம கேம்பிங் போற ஆளுங்க நாங்க. நாங்க செஞ்சா 'கூட்டமா வந்து அசிங்கம் பண்ணுறாங்க', மத்தவங்க செஞ்சா 'இயற்கையோடு ஒன்றுதல்'.

அதுவும் இரத்தினபுரிக்காரங்க இதைப் பத்திப் பேசாம இருக்கவே கூடாது. சிவனொளிபாத மலைக்குப் போற பழைய வழி எங்க ஊர் வழி. நல்லதண்ணிப் பக்கம் படி ஏறி ஒரே ராத்திரியில போய்ட்டு வர்றவங்களுக்கு இது தெரியாது. பலாபத்தலயில இருந்து ஏறினா பத்துக் கிலோமீட்டருக்கு மேல, அட்டைக் கடியோட. குருவிட்ட, எரத்ன வழியும் நீளம்தான். ரெண்டும் மேல ஹெரமிட்டிபானவுல சேரும். இந்த வழியில இடையில தங்காம வயசானவங்க போகவே முடியாது. அதனாலதான் அம்பலம் இருக்கு: ஒரு கூரை, ஒரு திண்ணை, பக்கத்துல தண்ணி. யாரும் சாதி கேக்கிறதில்ல, விலாசம் கேக்கிறதில்ல, பாய் விரிச்சுப் படுத்தா பக்கத்துல படுக்கிறவர் காலை மடக்கி இடம் விடுவார். தன்சல்ல தேத்தண்ணி சும்மா. டிசம்பர் போயாவுல இருந்து மே வெசாக் வரைக்கும் இந்த நாட்டோட மிகப் பெரிய பொது முகாம் அதுதான், யாரும் அதை அந்தப் பேர்ல கூப்பிடுறது இல்லைன்னாலும். சமன் தெய்வத்தோட சிலையே மீதி மாசமெல்லாம் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையில தங்கியிருந்துட்டுத்தான் மேல போகும். தெய்வத்துக்கே வழியில ஒரு தங்குமிடம் தேவைப்படுது.

இது பக்திக்காரங்களோட தனிப்பட்ட தர்மமா மட்டும் வளர்ந்தது இல்ல. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு, மலைக்குப் போறவங்க வழியில படுற கஷ்டத்தைப் பார்த்து அவங்களுக்குச் சாப்பாடு குடுக்கிறதுக்காகக் கிலிமலைக் கிராமத்தை எழுதி வச்சான்னு சூளவம்சம் சொல்லுது. கிலிமலை எங்க பஸ் போற ஊர். ஒரு கிராமத்து வருமானத்தையே வழிப்போக்கனுக்குன்னு ஒதுக்கின அரசு இதே மண்ணுல இருந்திருக்கு. 1344இல இபுன் பதூதா இந்த மலைக்கு ஏறினார், எங்கேயோ இருந்து வந்த ஒரு முஸ்லிம் பிரயாணி. வழிப்போக்கன்னா யாரா வேணும்னாலும் இருக்கலாம்.

வடக்கைப் பாருங்க. யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகள்ல மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் நாலும் சேர்ந்து இருக்கும். ஆளுக்குத் திண்ணை, குடிக்கவும் குளிக்கவும் கேணி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, வண்டி இழுத்த மாடு முதுகு உரசிக்கக் கல்லு. பருத்தித்துறைத் தெருமூடி மடத்துல வீதியே மடத்துக்குள்ளால போகும், ரெண்டு பக்கமும் திண்ணை. மாட்டுவண்டிதான் அந்தக் காலத்துக் கேம்பர் ட்ரெய்லர். மாட்டுக்கு முதுகு அரிக்கும்னு யோசிச்ச சமூகம், இன்னைக்கு ரோட்டுல போற பொம்பளைக்கு ஒரு டொய்லட் வேணும்னு யோசிக்கல.

அடுத்த ஆட்சேபம்: குப்பை. இதுல பாதி உண்மை, ஒத்துக்கணும். சிவனொளிபாத மலைப் பாதையில பருவம் முடிஞ்சதும் கிடக்கிற பொலித்தீனைப் பார்த்தா வெட்கமா இருக்கும். குடிச்சுட்டுப் போத்தலை ஆத்துல உடைக்கிற கூட்டமும் இருக்கு. அதுல எங்க பையன்களும் உண்டு. ஆனா குப்பை சேர்றது எங்க? யாருக்கும் பொறுப்பில்லாத இடத்துல. ஹோட்டன் சமவெளி வாசல்ல பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துக்கிறாங்க, உள்ள சுத்தமா இருக்கு. காவலாளி, குப்பைத் தொட்டி, ஒரு பதிவுப் புத்தகம் இருந்தா மனுஷன் ஒழுங்கா இருப்பான். இடத்தை மூடுறது சுத்தம் பண்ணுற வழி இல்ல. மூடினா அடுத்த வளைவுல போய்க் குப்பை போடுவாங்க.

பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாதுகாப்பு இல்லைங்கிறாங்க. பெற்றோல் ஷெட் வாசல்தான் பாதுகாப்பாக்கும்? எங்களைப் பாதுகாக்கணும்னா வெளிச்சமும் பூட்டுற டொய்லட்டும் குடுங்க. வீட்டுல இருன்னு சொல்றதுக்கு ஒரு அரசாங்கம் தேவையில்ல, அதை எங்க அப்பாமாரே நல்லாச் சொல்லுவாங்க.

வெளிய என்ன நடக்குதுன்னும் பாருங்க. நோர்வேயில 1957இல ஒரு சட்டம். பயிரிடாத நிலத்துல யார் வேணும்னாலும் நடக்கலாம், சொந்தக்காரர்கிட்டக் கேக்காம ரெண்டு ராத்திரி வரை கூடாரம் போடலாம். வீட்டுல இருந்து 150 மீற்றராவது தள்ளி இருக்கணும், அவ்வளவுதான். வண்டியை அப்படி ஓட்டிட்டுப் போக முடியாது, நடந்து போறவனுக்குத்தான் அந்த உரிமை. போர்ல இருந்து தப்பி அங்க போன எங்க ஆளுங்க எத்தனை ஆயிரம் பேர் இன்னைக்கு அந்தச் சட்டத்துக்குள்ள வாழுறாங்க. பிறந்த நாட்டுல குளக்கட்டுல நிக்க விடாதவனுக்கு, அகதியாப் போன நாட்டுல ஏரிக்கரை திறந்திருக்கு.

அங்கெல்லாம் அது சும்மா வந்துச்சுன்னு நினைக்க வேணாம். இங்கிலாந்துல 1932 ஏப்ரல் 24, ஞாயித்துக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் நூத்துக்கணக்குல கிண்டர் ஸ்கவுட் மேட்டுல வேணும்னே அத்துமீறி ஏறினாங்க. பிரபுக்கள் காட்டுக்கோழி சுடுறதுக்காக அடைச்சு வச்சிருந்த மலை அது. முன்னால நின்ன பென்னி ரொத்மனுக்கு 20 வயசு. நம்ம வயசு. அஞ்சு பேருக்குச் சிறை. 1949இல தேசிய பூங்காச் சட்டம் வந்துச்சு, 1951இல அந்த மலையும் சேர்ந்த பகுதிதான் அந்த நாட்டோட முதல் தேசிய பூங்காவாச்சு. வாரம் முழுக்க ஆலையில நின்னவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மலை ஏற உரிமை வேணும்னு கேட்டதை யாரும் ஆடம்பரம்னு தள்ளல, கடைசியில. எங்க அம்மா வாரம் முழுக்க மலையிலதான் நிக்கிறாங்க. ஆனா மலையைப் பார்த்ததில்ல, கொழுந்தைத்தான் பார்த்திருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஜப்பான். 1993இல இருந்து அங்க நெடுஞ்சாலை ஓரத்துல வீதி நிலையங்கள் கட்டுறாங்க, இப்ப 1,200க்கு மேல இருக்கு. 24 மணி நேரமும் காசில்லாம வண்டி நிறுத்தலாம், டொய்லட் திறந்திருக்கும், பக்கத்துலயே அந்த ஊர் விவசாயி மரக்கறி விக்கிற கடை. சட்டப்படி அது விடுதி இல்ல, களைப்பாறுற இடம். ஆனா களைச்சவன் கண் அயர்ந்தா யாரும் டோர்ச் அடிச்சு விலாசம் வாசிக்கிறதில்ல. இன்னொன்னு, அங்க சில பூங்காக்கள்ல உக்காருற பெஞ்சைத் திறந்தா கீழ அடுப்பு இருக்கும். நிலநடுக்கம் வந்து ஊர் மக்கள் அங்க வந்து தங்கும்போது சமைக்க.

இதைப் படிச்சப்போ எனக்குப் புலத்கொஹுபிட்டிய ஞாபகம் வந்துச்சு. 2016 மே 17. அன்னைக்குத்தான் கேகாலை மாவட்டத்துல அரநாயக்க சாமசர மலை சரிஞ்சது. அதே நாள் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்துல லயத்து மேல மண் வந்து விழுந்துச்சு. அடுத்த வருஷம் மே மாசம் இரத்தினபுரி வெள்ளம். ஒவ்வொரு தடவையும் சனம் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் விகாரைக்கும் ஓடுது. வகுப்பறைத் தரையில குடும்பம் குடும்பமா, நூறு பேருக்கு ரெண்டு டொய்லட், மேசையை ஒதுக்கி வச்சுப் படுக்கை. எங்களுக்கு 'முகாம்'னா அதுதான் ஞாபகம் வரும். மண்டபம் முகாம், அகதி முகாம், வெள்ள முகாம். 'கேம்ப் போகலாமா'ன்னு நான் வீட்டுல கேட்டப்போ பாட்டி ஒரு நிமிஷம் பதறிட்டாங்க, எங்க மண் சரிஞ்சதுன்னு.

அதனாலதான் அண்ணாவோட வாதம் எனக்குத் தலைகீழாத் தெரியுது. சரிவில்லாத உறுதியான தரை, குழாய்த் தண்ணி, பூட்டுற டொய்லட் பத்து, கூரை போட்ட சமையல் இடம், வெளிச்சம், ஒரு காவலாளி. இதை ஒவ்வொரு பிரதேச சபையும் ஒன்னு கட்டினா, வருஷத்துல பதினொரு மாசம் பட்டாவுல வர்ற குடும்பமும் த்ரீவீலர்ல வர்ற வெள்ளைக்காரரும் சைக்கிள்ல வர்ற மாணவனும் சின்னக் காசு குடுத்துத் தங்கலாம். மே மாசம் மழை கொட்டும்போது அபாய வலயத்து லயத்துச் சனம் மரியாதையாத் தங்கலாம். இரத்தினபுரியில வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல மழை. எந்த மாசம் இடம் தேவைப்படும்னு சாத்திரம் பார்க்க வேண்டியதில்ல. காணி எங்கன்னு கேப்பாங்க. தோட்டம் எல்லாம் அரச காணின்னு மேலயே எழுதியிருக்கேன். தேயிலை அழிஞ்சு மானாப்புல் முளைச்சுக் கிடக்கிற சமதரை எங்க பிரிவுலயே இருக்கு. எது உறுதியான தரைன்னு சொல்லத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு.

காவலாளி வேலையும் அங்க இருக்கிற சோத்துக்கடையும் லயத்து ஆளுங்களுக்கும் பக்கத்துக் கிராமத்து ஆளுங்களுக்கும் போகணும். இதை ஒரு நிபந்தனையா வைக்காம விட்டா, நாளைக்கே யாரோ டெண்டர் எடுத்து வாசல்ல பிகினி படம் மாட்டிடுவாங்க.

இப்போதைக்கு நாங்க செஞ்சது சின்னது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, அதுக்கு ஒரு விண்ணப்பமும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஏ4 வீதியோரத்துப் பிரதேச சபைகளுக்கும் மாவட்டத்துல பங்களா வச்சிருக்கிற திணைக்களங்களுக்கும் தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி வச்சிருக்கோம். கேள்வி நாலுதான். உங்க கையில எத்தனை சர்க்யூட் பங்களா இருக்கு? போன வருஷம் அதுல எத்தனை ராத்திரி பொதுமக்களுக்குக் குடுத்தீங்க, எத்தனை ராத்திரி உத்தியோகத்தர்களுக்கு? ராத்திரி திறந்திருக்கிற பொது டொய்லட் உங்க பகுதியில எங்கெங்க? வழிப்போக்கர் வண்டி நிறுத்தித் தங்க நீங்க ஒதுக்கின அரச காணி எது?

ஏற்றுக்கொள்ளுறதா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள சொல்லணும்னு சட்டத்துல இருக்கு. உங்க ஊருக்கும் அனுப்ப நினைச்சா கடிதத்தோட பிரதியைக் கேளுங்க, தர்றோம். மாமா பட்டாவுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிட்டார். டிசம்பர் போயாவுக்குப் பலாபத்தல வழியா ஏறுறோம், இந்தத் தடவை அண்ணாவும் வர்றார். அவருக்கு அட்டைன்னா பயம். உப்பு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.